பதினொரு செக்கன்

பதினாலாயிரத்து எழுநூறு ரூபாய்.
உள்ளங்கையில் வைத்தால்
ஒரு பிஸ்கட்டின் கனம்கூட இல்லை.
"இதுக்குள்ள ஒண்டும் சுத்தாது அக்கா"
என்றான் என்.சி. வீதிக் கடையில் நுஸ்ரான்.
சுற்றாத சாமானுக்கு இவ்வளவு காசா
என்று நான் கேட்கவில்லை.
கேட்பதற்கு வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

ஞாயிறு இரவு
பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
நாலு ஸ்குரூவில் மூன்று வந்தன.
நாலாவதில் கடல் இருந்தது.
திருக்கடலூர்க் காற்று
பதினொரு வருடமாய் உள்ளே போய்
வெளியே வராமல்
சிவப்பாய் உறைந்திருந்தது.
தேங்காயெண்ணெய் விட்டு
வரதனின் குறட்டைக்கு ஒரு திருப்பு,
அடுத்த குறட்டைக்கு இன்னொன்று.
உள்ளே தூசி, பல்லி முட்டை ஓடு,
எப்படிப் போனதென்று தெரியாத
ஒரு கிண்ணியா பஸ் டிக்கெற்.

பழையதில் கிடப்பதையெல்லாம்
புதியதற்குப் பிரதி எடுக்கவேண்டும்.
இரண்டையும் பூட்டிவிட்டு
கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.
நாலு வீதம். ஒன்பது வீதம்.
சட்டிக்குள் உயிர் நண்டு சுரண்டுவதுபோல
பழைய டிஸ்க் சுரண்டியது.
சங்கத்தின் மண்ணெண்ணெய் மானியப் பட்டியல் போனது:
முன்னூற்றுப் பன்னிரண்டு வள்ளங்கள்
இலக்கத்தோடும் உரிமையாளர் பெயரோடும்
ஆடாமல் அசையாமல் கரை மாறின.
மகளின் கணக்குத் தாள்கள் போயின.
மேல்மாடிக்கென்று வரதன் வரைவித்த,
கட்டாத படமும் போனது.

தொண்ணூற்று மூன்றில் நின்றது.
'இந்தக் கோப்பை வாசிக்க முடியவில்லை.'
பெயர்: புதியது 3.
மூன்றாவது புதியதில் எதை வைத்தேன்?
யாருடையதோ கலியாணப் படமா,
இடமாற்றம் கேட்டு எழுதி
அனுப்பாமல் விட்ட கடிதமா?
'மீண்டும் முயல்' என்றேன். சுரண்டியது.
மீண்டும்.
மணி இரண்டே கால்.
துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல்
ஒரேயொரு தரம் ஊதியது.
'தவிர்' என்பதை அழுத்தினேன்.
பெரிய விஷயம்போல் எழுதுகிறேன்,
எனக்கு நித்திரை வந்தது, அவ்வளவுதான்.
சூடு ஆறாத பழைய டிஸ்க்கைத்
துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

விடிந்ததும் பட்டனை அழுத்திவிட்டு
வழமைப்படி குசினிக்குப் போனேன்.
அழுத்தினால்
அரிசி கழுவி, உலையில் போட்டு,
வரதனின் சாரம் இரண்டைக் கொடியில் விரித்து
வந்தால்தான்
அந்தப் புள்ளிகள் சுற்றி முடித்திருக்கும்.
இன்றைக்கு முதல் தண்ணீரே ஊற்றவில்லை,
முன்னறையில் டொங் என்றது.
பதினொரு செக்கன்.
ஈரக் கையோடு ஓடிவந்து பார்த்தால்
சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட
விருந்தாளிபோல
அது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

வாசலில் ஒரு கரகரப்பு.
வெறும் பெட்டியை அட்டையோடு சேர்த்து
மதிலில் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.
பஸ் நிலையப் பக்கமிருந்து வரும்,
ஒரு கொம்பு முறிந்த மான்
மூன்று வருட உத்தரவாதத்தை
நுஸ்ரானின் சீலோடு மென்றுகொண்டிருந்தது.
"ஏய்!" என்றேன்.
ஒரு மூலையை எனக்கென்று விட்டுவிட்டு நடந்தது.
அதில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று இருந்தது.

வரதன் சிரிக்கவில்லை.
விலை எவ்வளவென்று
அப்போதுதான் கேட்டார்.

எட்டரைக்குச் சங்கச் செயலாளர் கோல் எடுத்தார்.
"லிஸ்ட் என்ன மாதிரி, தங்கச்சி?"
"கொம்பியூட்டர் இன்னும் எழும்பேல்ல அண்ணை,
அது ஸ்லோதானே"
என்றது என் வாய், என்னைக் கேளாமலே.
திரையில் முன்னூற்றுப் பன்னிரண்டு வள்ளமும்
வரிசையாய் நின்றன.
பெட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை.
"பத்து மணியாகும்" என்று சேர்த்துச் சொன்னேன்.
ஒன்றரை மணித்தியாலம்
சும்மா கையில் வந்து விழுந்தது.
என்ன செய்வதென்று தெரியாமல்
கழுவிய அரிசியையே
இன்னொரு தரம் கழுவினேன்.