பனியைக் கழித்தல்

பிப்ரவரியில் எடுத்த படம்.
வங்கிக்கு ஜூலை வேண்டுமாம்.
"பனியை எடுத்துட்டுப் புல்லைப் போடு,
வெள்ளைதானே, ஒரே இழுப்பில் போயிடும்"
என்று சொல்லிவிட்டு ஒத்கோன்பாயர்
காரைச் சூடேற்றக் கீழே இறங்கினான்.
உலான்பாத்தரில் மாலை ஏழு மணி.
ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை
என் உதவி இல்லாமலே
பாதி ஊரை அழித்து வைத்திருந்தது.

வெளிச்சத்தைப் பார்த்து வெட்டும் கீ இது.
நிறம் கேட்காது. பெயர் கேட்காது.
இந்த அளவுக்கு மேல் வெளுத்ததெல்லாம் வெளியே
என்று ஒரு கோடு கிழிக்கும்.
கோடு எங்கே என்பதை மட்டும்
என் சுட்டுவிரலிடம் விட்டுவிடும்.

தொண்ணூற்றாறு: வானம் போனது.
தொண்ணூற்று மூன்று: தூரத்துக் குன்று போனது,
கடன்காரன் தெருமுனை திரும்புவதுபோல, சத்தமில்லாமல்.
தொண்ணூற்றொன்று: எதுவும் அசையவில்லை.
தொண்ணூறு: பனி போனது,
பனியோடு குதிரையும்.

பச்சைப் புல்வெளிக்கு ஒன்றரை மீட்டர் மேலே
கால்களை அகட்டி உட்கார்ந்தபடி
ஒரு மனிதன் பறந்து போகிறான்.
அவனுக்கடியில் ஒரு சேணம்,
நான்கு குளம்பு, இரண்டு கண், மூக்கின் கறுப்பு.
கடிவாளம்
ஒன்றுமில்லாததை இழுத்துப் பிடித்திருக்கிறது.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
ஸ்லைடரைப் பின்னுக்குத் தள்ளினேன்.
குதிரை வந்தது, பனியையும் கூட்டிக்கொண்டு.

விளிம்பு மென்மையைக் கூட்டினால் முதுகு ஆவியாகிறது.
குறைத்தால் வயிற்றோரம்
குழந்தை கத்தரித்த காகிதம்.
வால்தான் பெரும்பாடு.
மயிருக்கு மயிர் நடுவே ஒரு பிப்ரவரி.
தும்பை விட்டவள் வாலைப் பிடித்துக்கொண்டு
பத்தரை மணி வரைக்கும் இருந்தேன்.

பிறகு கோம்போவுக்குப் போன் போட்டேன், குதிரைக்காரர்.
"உங்க வெள்ளைக் குதிரை" என்று ஆரம்பித்தேன்.
"எந்த வெள்ளை?
என்கிட்ட வெள்ளைக் குதிரையே கிடையாது."
பின்னால் நாய் குரைத்தது.
அடுப்புக் கதவை யாரோ சாத்தினார்கள்.
"நீ பார்த்தது சாம்பல்.
போன வருஷம் இதைவிடக் கறுப்பு.
தோள்பக்கம் உத்துப் பாரு, புகை படிஞ்சிருக்கும்.
விலாவில் பழைய கம்பளி.
முழுசா வெளுக்க இன்னும் ரெண்டு குளிர்காலம் பாக்கி."

போனை வைக்காமலே அளந்தேன்.
பனி தொண்ணூறு புள்ளி ஒன்பது.
குதிரை, அதன் மிக வெளுத்த இடத்திலும்,
தொண்ணூறு புள்ளி இரண்டு.
கோட்டை நடுவில் நட்டேன்.
அந்த இடுக்கில்
ஒரு முழுக் குதிரை நுழைந்து வந்தது.

குதிரையின் நிழல் விழுந்த பனி மட்டும்
அழுக்குத் துண்டாய்க் காலடியில் ஒட்டிக்கொண்டது.
அதைக் கையால் மாஸ்க் வரைந்து,
இருநூற்றுப் பன்னிரண்டு ஃப்ரேம்,
ஒவ்வொன்றாய்.

மிஞ்சியது மூச்சு.
ஆவி பனியைவிட ஒரு சாயல் மங்கல்,
கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டது.
ஜூலைப் புல்லில் மூக்கிலிருந்து புகைவிடும் குதிரை
உலகத்தில் எங்கும் இல்லை.
அழித்துப் பார்த்தேன்,
பஞ்சு அடைத்த பொம்மை நின்றது.
அப்படியே விட்டேன்.

காலையில் வங்கியம்மா மூன்று தடவை பார்த்தார்.
மூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"வட்டி எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்க" என்றார்.

பெரிதாக்கினேன்.
வெள்ளை எழுத்தில் 10 சதவீதம்
சரியாகக் குதிரையின் மூக்குக்கு முன்னால்
வந்து உட்கார்ந்தது.
பூஜ்யத்தின் ஓட்டைக்குள்
கொஞ்சம் ஆவி.