வெட்டி ஆபீசர்

அம்பத்தூரில் மூடிய கம்பெனியின் ஏலத்தில் எடுத்த லேத்து
மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது.
காசிமேட்டில் எங்கள் சந்து
அதைவிட நான்கு விரல்தான் அகலம்.
அதற்கு வேண்டியது மூணு பேஸ்.
எங்கள் வீட்டுக்கு வருவது ஒன்று,
மே மாத இரவுகளில் அதுவும் அரை.

ஈபி ஆபீசில் வீட்டுக்காரர் கையெழுத்து கேட்டார்கள்.
ராஜாபாதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
படிவத்தை ரெண்டு தரம் படித்தார்.
"மூணு பேஸுன்னா மூணு மடங்கு ஷாக்கடிக்குமாமே"
என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வழி சொன்னவன் ஜிலானி,
வைண்டிங் கடையின் வார்னிஷ் நெடியில் நின்றபடி.
இன்னொரு மோட்டார் வாங்கு. பழசு போதும், ரெண்டு எச்பி.
அதுக்கு எந்த வேலையும் குடுக்காத.
சும்மா சுத்தட்டும்.

ஸ்டாரைப் பிரித்து டெல்டாவாகக் கட்டித் தந்தான்.
சுவிட்சைப் போட்டால் உறுமியது, நகரவில்லை.
ஒற்றைப் பேஸில் அதற்குத்
தன் பக்கம் எது என்று தெரியாது.
ஷாஃப்டில் கயிறு சுற்றி இழுக்க வேண்டும்,
படகு எஞ்சினை இழுப்பது போல,
இழுத்த வேகத்திலேயே சுவிட்சைத் தட்ட வேண்டும்.
இழுத்த பக்கம்தான் அதன் பக்கம்.
பிறகு நிற்காது.

பெல்ட் இல்லை, புல்லி இல்லை.
கட்டிலுக்கடியில் சாக்கின்மேல் உட்கார்ந்து
சுற்றியபடியே
ஈபிகாரன் தராத கம்பிக்கு உயிர் கொடுத்தது.
மீட்டர் வைத்தால் நூற்றித் தொண்ணூறு.
பாஸ் மார்க், என்றான் ஜிலானி.

எமிலி அதற்கு வெட்டி ஆபீசர் என்று பேர் வைத்தாள்.
"ஒரு வேலையும் கெடையாது, பில்லு மட்டும் ஏத்துது,
உன் தம்பி மாதிரியே."

நான் லேத்தைப் போடும் நொடியில்
மாடியில் எஸ்தர்ராணியின் டியூப்லைட் கண்ணடிக்கும்.
கத்தினாள். ஒருநாள் அழுதாள்கூட,
கதாநாயகிக்கு விஷம் வைத்த காட்சியில் படம் சுருங்கிவிட்டதாம்.
பிறகு ஒப்பந்தமானது:
சீரியல் முடிந்ததும் தரையில் ரெண்டு தட்டு,
அதற்குப் பிறகு கரண்ட் எனக்கு.

தேசிங்கு வந்த இரவு
தட்டு விழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.
மூணு மணிக்கு படகு போகணும்,
ஷாஃப்ட் புஷ் தேய்ந்து தண்ணி ஏறுது என்று
கன்மெட்டல் துண்டை மேசையில் வைத்தான்.
என் வலது கையில் அன்றைக்குத்தான் தையல் போட்டிருந்தது.
கயிறை எமிலி இழுத்தாள்.

ஒரே இழுப்பு. அதே ரீங்காரம்.
எந்தக் காதாலும் வித்தியாசம் சொல்ல முடியாது.
லேத்தைப் போட்டேன்.
சக் பின்பக்கமாக எகிறித்
தன் திருகைத் தானே கழற்றிக்கொண்டு
பெட்டில் மோதித் தரையில் விழுந்தது,
என் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி.
சிவப்பு சிமெண்ட் தரை நட்சத்திரமாக வெடித்தது.

யாரும் பேசவில்லை.
கட்டிலுக்கடியில் ஆபீசர் மட்டும்
ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தார்.

"நான் ஒக்காந்த பக்கத்துலேர்ந்து சரியாத்தான் சுத்துனேன்,"
என்றாள் எமிலி.
அதுவும் உண்மைதான்.

சக்கை மறுபடி ஏற்றினோம்.
புஷ் முடிந்தபோது மணி ரெண்டு பத்து.
தேசிங்கு பாதிப் பணம் கொடுத்தான்,
மீதி வஞ்சிரமாக வரும் என்றான். இன்னும் வரவில்லை.
தரை வெடிப்பின்மேல் பாய் கிடக்கிறது,
ராஜாபாதர் வாடகைக்கு வரும் நாளில் ரெண்டு பாய்.

மோட்டாரின் மூடியில் எமிலி
நெயில் பாலிஷால் ஓர் அம்பு வரைந்திருக்கிறாள்.
கரண்ட் போய்த் திரும்பினால்
இருட்டிலிருந்து அது உறுமத் தொடங்கும்.
ரொம்ப நேரம் விட்டால் காயில் எரிந்துபோகும்.
கரண்டியோ கேலிப்பரோ,
கையிலிருப்பதைப் போட்டுவிட்டு
எங்களில் கிட்டே இருப்பவர் கட்டிலுக்கடியில் குனிகிறோம்.