பூச்சியம் ஒரு கணவாய்

"லிஸ்பனில இருந்து கப்பல்ல வந்தது,
அடிப்பாரத்துக்குப் போட்ட கல்" என்றாள் ஏர்னா செல்லர்,
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி.
டச்பார் வீட்டில் அதன்மேல்தான்
நத்தாருக்கு மா உருட்டினார்களாம்.
அலை வந்துபோன மூன்றாம் நாள்
சுவர் இல்லை, கிணற்றுக்கட்டு இல்லை,
இது மட்டும் மணலில் மல்லாந்து கிடந்ததாம்.

"மச்சான் நம்புறாரில்ல.
உங்கட கம்பஸ்ல மெசின் இருக்காமே."

வந்தாறுமூலையில் அந்த மெசின் இல்லை.
உளியால் ஒரு மூலையைத் தட்டினேன்.
நகக்கண் அளவுதான்,
அதற்கே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
தூளாக்கிக் குப்பியில் அடைத்து,
மாத்தளைச் சூளைக்குழியில் நான் பொறுக்கிய
ஆறு துண்டுகளோடு ஜெர்மனிக்கு அனுப்பினேன்.

அமிலத்தில் விழுந்த கல் நுரைத்து மூச்சு விடும்.
அந்த மூச்சை நிறுப்பார்கள்:
காபன் பன்னிரண்டு, காபன் பதின்மூன்று,
பாரமான ஒட்சிசன், இலேசான ஒட்சிசன்.
எண்ணுக்கு ஒரு பூச்சியம் வேண்டுமே?
அந்தப் பூச்சியம் ஒரு கணவாய்.
சரியாகச் சொன்னால், கணவாயின் ஒன்றுவிட்ட முன்னோர்.
கோடிக்கணக்கான வருடம் முன் செத்து
ஓட்டை மட்டும் விட்டுப்போனது.
உலகத்துச் சுண்ணாம்பெல்லாம்
அதற்கு மேலே, அல்லது கீழே.
அன்று காலை கல்லடிப் பாலத்தடியில்
கணவாய் கிலோ ஆயிரத்து இருநூறு.

ஏழு வாரத்தில் தாள் வந்தது.
எஸ்திரமோஸ் ஒரு வட்டம். கராரா ஒரு வட்டம்.
ஏர்னாவின் கல் இரண்டிலும் இல்லை.
ஒட்சிசன் பூச்சியத்துக்குப் பதினொன்று கீழே,
என் மாத்தளைத் துண்டுகளுக்கு நடுவில்
முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இந்த ஊரில்
'எந்த ஊர்?' என்பது வெறும் கேள்வி அல்ல.
சோதனைச்சாவடியில் அதற்குப் பதில் சொல்லி
வீடு திரும்பாதவர்கள் உண்டு.
கல்லிடம் கேட்டதற்கே
என் கை கொஞ்சம் கூசியது.

தாளை வாங்கினாள். கிரீஸ் கை,
கராராவின்மேல் பெருவிரல் பதிந்தது.
"அப்ப லிஸ்பன் இல்ல?"
"இல்லை."
"மாத்தளையா?"
"அந்தப் பக்கம். இன்னும் நாலு குழி பார்த்தால்தான்..."
"அதுக்கு முதல்ல எங்க கிடந்தது?"
"கடலுக்கடியில். பளிங்கெல்லாம் ஒருகாலம் கடல்தளம்தான்."

கண்ணாடியை இறக்கினாள். ஏற்றினாள்.
"அப்ப கடல்ல இருந்து வந்ததுதானே!
மச்சானிட்ட அத மட்டும் சொல்லுங்க.
மற்றத மறுகா பாப்பம்."

பிறகு நான் உடைத்த மூலையை
அரத்தால் தேய்க்கத் தொடங்கினாள்,
மா உருட்டும்போது கை கிழிக்காமல்.