ஐம்பத்தாறு

ஞாயிற்றுக்கிழமை நாவற்குடாவில் வீடு பார்த்தோம்.
தரகர் செல்வநாதன் சுவரைத் தட்டிக் காட்டவில்லை,
கிணற்றில் வாளி விடவில்லை.
கைபேசியில் வரைபடத்தை விரித்து
வாசற்படியில் ஒரு விரலும்
பெரிய பள்ளிக்கூடத்துப் படலையில் ஒரு விரலும் வைத்தார்.
"ஆகாயத் தூரம்தான் ரீச்சர் கணக்கு.
காகம் பறக்கிற மாதிரி."

மகளுக்கு அடுத்த மாதம் மூன்று.
தரம் ஒன்றில் சேர அவளுக்கு ஐந்து வயதாக வேண்டும்,
முழுப் புள்ளி கிடைக்க உறுதிக்கும் ஐந்து வயதாக வேண்டும்.
பிள்ளை பெற்ற வார்ட்டிலிருந்து
நேரே நொத்தாரிசு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் நான்.
அம்மா காயம் அரைத்து வைத்திருக்கிறாள் என்று
வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சுதர்மன் சீ.ஆர். கொப்பியில் கோடு கீறி வைத்திருக்கிறார்.
வீடு நாலு, பள்ளிக்கூடம் மூன்று.
புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி தாண்டினவர்கள்,
இங்கிலீசுக்கு ஆள் உண்டா,
மெயின் ரோட்டைக் கடக்க வேண்டுமா.
கடைசி நிரலில் நான் எழுதினேன்:
கழிவறைக் கதவுக்குக் கொளுக்கி.
அவர் அதை அழிக்கவுமில்லை,
நிரப்பவுமில்லை.

நாலிலும் இதுதான் மலிவு.
ஏனென்று கேட்டேன்.
தரகர் பின்மதிலை நாடியால் காட்டினார்.
மதிலுக்கு அங்கால் ஒரு கொடிக்கம்பம்,
சொட்டுகிற தண்ணீர்க் குழாய்,
மஞ்சள் பூசிய ஒற்றைக் கட்டடம்.
"இடையில இது ஒண்டு கிடக்கு.
கிட்ட இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தா
அஞ்சு புள்ளி கழிப்பாங்க."
பக்கத்தில் மயானம் இருப்பதை
ஒளிக்காமல் சொல்லிவிடுகிற குரல்.

திங்கள் விடிய குருக்கள்மடத்தில் பாதை ஏறினேன்.
வாவியில் மிதக்கிற பலகைக்கு
எங்கள் பக்கம் பாதை என்றுதான் பேர்.
ஏழெட்டு மோட்டார் சைக்கிள், ஒரு கேஸ் சிலிண்டர்,
பாடக்குறிப்பை மடியில் வைத்து எழுதுகிற
மூன்று ரீச்சர்மார்.
படுவான்கரையில் என் பள்ளிக்கூடம்.
முப்பத்தேழு பிள்ளைகள்.
கணக்குச் சேர் மாற்றலாகி இரண்டு வருடம்,
கணக்கும் நான்தான்.
தரம் நாலு கஜேந்தினி
வடை சுற்றிவந்த பத்திரிகைத் துண்டை
எண்ணெய் ஊறின வரியையும் விடாமல் வாசிப்பாள்,
கிழிந்த இடத்தில் செய்தியைத் தானே முடிப்பாள்.
அவளை எந்த நிரலில் போடுவது?

சத்துணவுக்கு அன்று அவளுடைய தாயின் முறை.
வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:
"ரீச்சர் மனே, உங்கட கிளியையும்
மறுகா இஞ்சதானே சேர்ப்பீங்க?"

"தூரம் அக்கா" என்றேன்.

"ஓம் மனே, தூரம்தான்."
கத்தி நிற்கவில்லை.

எந்த ஊரின் வரைபடத்தில்
யார் வீட்டு மதிலுக்கு அங்கால்
அஞ்சு புள்ளியாய்க் கிடக்கிறது என் பள்ளிக்கூடம்?
இங்கே வீடு வாங்க யாரும் வருவதில்லை.
அதனால் அது கழிக்கப்படுவதும் இல்லை.
அன்றிரவு இரண்டு விரலை வைத்து அளந்தும் பார்த்தேன்.
காகத்துக்கு வாவி ஒரு பொருட்டே இல்லை.

வியாழன் அரைநாள் லீவு போட்டு
அந்த மலிவு வீட்டை மறுபடி பார்த்தேன்.
குசினிக்குப் புகைபோக்கி நல்லது.
அறை ஒன்றில் கறையான்.
"அறுபத்தஞ்சு சொல்றாங்க, பேசலாம்" என்றார் தரகர்.
ஞாயிறு பேசாமல் கிடந்த மதில்
இன்று வாய்ப்பாடு சொன்னது.
ஏழாம் வாய்ப்பாடு, இழுத்து இழுத்து,
வகுப்பில் ரீச்சர் இல்லாத சத்தம்,
எனக்குத் தெரியும் அது.

ஏழாறு நாப்பத்திரண்டு.
ஏழேழு நாப்பத்தொன்பது.
ஏழெட்டு ஐம்பத்துநாலு.

திருத்த யாரும் வரவில்லை.
இன்னொரு தரம் ஐம்பத்துநாலு.

"ஐம்பத்தாறு" என்றேன்,
கொஞ்சம் உரக்கத்தான்.

தரகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"ஐம்பத்தாறா? சரியான குறைவு ரீச்சர்.
ஆனா கேட்டுப் பார்க்கலாம்" என்று
முற்றத்துக்கு இறங்கி
நம்பரை அழுத்தினார்.