கலவை

"எந்த ஊர்?" என்றேன்.
"கலவை."
ஸ்கேனர் காட்டிய ஆங்கிலத்தைத்
தமிழில் படித்தேன்: கலவை மெலிவு.
காற்று மிச்சம், பெட்ரோல் போதவில்லை.
இரண்டு பேரும் சிரித்தோம்.

முத்துக்கடையிலிருந்து சிப்காட் போகும் சாலையில் என் கடை.
தரணேந்திரன், ஷூ கம்பெனியில் தையல் சரிபார்ப்பவர்,
நைட் ஷிப்ட் முடிந்து கண் சிவக்க நின்றிருந்தார்.
மீட்டரில் மஞ்சள் விளக்கு.
நாற்பத்தைந்து கொடுத்த வண்டி
முப்பத்தொன்றில் வந்து நிற்கிறது.

சைலன்சர் குழாயின் கழுத்தில் திருகியிருக்கும்
ஆக்சிஜன் சென்சார்.
உள்ளே விரல்நுனி அளவு பீங்கான்.
அதன் ஒரு கன்னத்தில் புகை,
மறு கன்னத்தில் ஊர்க்காற்று.
முந்நூறு டிகிரி ஏறும்வரை வாய் திறக்காது.
சூடானால் பேசும், ஒரு வோல்ட்டுக்குள்ளேயே:
புள்ளி ஒன்று என்றால் காற்று மிச்சம்,
புள்ளி ஒன்பது என்றால் பெட்ரோல் மிச்சம்.
நல்ல வண்டியில் இதற்கும் அதற்கும்
ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கும்.
ஒரே இடத்தில் நின்றால்தான் வியாதி.

இவருடையது நின்றிருந்தது.
புள்ளி ஒன்றில்.

"சென்சார் போச்சு" என்றேன்.
அதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்.
புதுசு மூவாயிரத்து இருநூறு.
சம்பளம் பத்தாம் தேதி என்று
பாதியை எண்ணிக் கொடுத்தார்.

எட்டாம் நாள் வந்து நின்றார்.
கலவை மெலிவு.
"என் ஊர் இன்னும் மாறலையே" என்றார்.
இந்த முறை அவர் மட்டும் சிரித்தார்.

பக்கத்துக் கடை எபிநேசர், ரேடியேட்டர் பற்றவைக்கிறவர்,
டீ கிளாஸோடு வந்து குனிந்தார்.
குழாய் என்ஜினைத் தொடும் வளைவில்
சாம்பல் பூத்த ஒரு கோடு, தலைமுடி அகலம்.
சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பின்னாலிருந்து ஊதினோம்.
குமிழ்.
குமிழ் மேல் குமிழ்.

புகை துடிக்கும் இடைவெளியில்
அந்தக் கோடு வழியாக வெளிக்காற்று நுழைந்திருக்கிறது.
சென்சார் கண்டதைச் சொன்னது.
கேட்ட கம்ப்யூட்டர் பதறிப்போய்
பெட்ரோலை ஊற்றியது, ஊற்றியது.
ப்ளக் அடுப்புக்கரி.
இதில் யாரும் பொய் சொல்லவில்லை,
இரண்டு நிமிடத்தில் தீர்ப்பெழுதியவனைத் தவிர.

இன்னொன்று.
ஊர்க்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அது பேசும்.
எங்கள் ஊர்க்காற்றிலோ
தோல் ஊறும் வாடை, மழைக்கு முன்னால் இன்னும் கனமாக.
அதற்கு மூக்கு இல்லை, கணக்கு மட்டும்தான்.
நூற்றில் இருபத்தொரு பங்கு ஆக்சிஜன்,
போதும் என்று எடுத்துக்கொள்ளும்.
நாங்களும் அப்படித்தான்
இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறோம்.

எபிநேசர் கோட்டை அடைத்தார்.
நட்டுகள் கிடக்கும் டப்பாவில் தேடி
பழைய சென்சாரை எடுத்துத் துடைத்துத் திருகினேன்.
வண்டி சூடாகும்வரை மூவரும் பேசவில்லை.
பிறகு திரையில் எண் அசைந்தது,
ஏறி இறங்கி, ஏறி இறங்கி.
எழுத்து எதுவும் வரவில்லை.

"அப்போ நான் இப்ப எந்த ஊரு?"

ஆயிரத்து அறுநூறை அவர் சட்டைப்பையில் திணித்தேன்.
வண்டி பாலாற்றுப் பாலத்துப் பக்கம் திரும்பியது.
மேஜையில் புது சென்சார்,
எட்டு நாள் சூடு பட்டது,
இனி யாருக்கும் புதிதென்று விற்க முடியாதது.