தோள்மேல் ஒரு கை

கியூம்ரியில் இரண்டு நாளாகப் பனி விடவில்லை.
அர்பெனிக் கொண்டுவந்தது ஒரு பிளாஸ்டிக் பை,
பைக்குள் மடித்த செய்தித்தாள்,
மடிப்புக்குள் செய்ரான்.

"சிரிக்கிற படம் இது ஒன்றுதான்.
கல்லில் பொறிக்கணும். தனியாக."

தனியாக நிற்கவில்லை அவர்.
யாருடைய கல்யாணமோ.
கோட்டுப் பையில் கசங்கிய பூ,
பின்னால், எண்பத்தெட்டு டிசம்பரில் இல்லாமல் போன ஒரு சுவர்,
இடது தோளில்
படத்துக்கு வெளியிலிருந்து நீண்டு வந்த ஒரு கை.

"அதை எடுத்துவிடு."

யாருடையது என்று நான் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான்
பன்னிரண்டாயிரம் திராம்.

ஸ்கேன் செய்து, லேயருக்குப் பக்கத்தில்
ஒரு வெள்ளைக் கட்டம் சேர்த்தேன்.
மாஸ்க்.
அதில் வெள்ளை பட்ட இடம் தெரியும்
கறுப்பு பட்ட இடம் தெரியாது.
இந்தத் தொழிலின் இலக்கணம் இவ்வளவே,
மற்றதெல்லாம் மணிக்கட்டு வலி.

சுவர் சுலபமாகப் போயிற்று,
இரண்டாம் முறையாக.
தலைமுடி ஓரத்தில்தான் சாயங்காலம் முழுக்கக் கழிந்தது:
பிரஷ்ஷை மென்மையாக்கி, இருபது சதவீதத்தில்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
காதுக்குப் பின்னால் கொஞ்சம் சாம்பல் விட்டுவைத்தேன்.
கத்தரித்த மாதிரி நின்றால்
செத்தவர் இன்னொரு தடவை செத்துப்போவார்.

பிறகு கை.
சுண்டுவிரல் நகம் கறுத்திருந்தது,
கதவிடுக்கில் நசுங்கியிருக்கலாம்.
வலது தோளை நகலெடுத்து, திருப்பி, அடியில் வைத்து
மேலே கறுப்பைத் தீட்டினேன்.
நான்கு இழுப்பில் விரல்கள் போயின.
கோட்டு எழுந்து வந்தது.

மறுநாள் வந்து பார்த்தாள்.
கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தாள்.
"என்ன இது, விழப்போகிறவர் மாதிரி இருக்கிறாரே?"

அவள் சொன்னது சரி.
இல்லாத கையின் பாரத்துக்கு
உடம்பு இன்னும் சாய்ந்துகொடுத்தது.
சிரிப்பும்
அந்தப் பக்கம் பார்த்துத்தான்.

ஷிஃப்டை அழுத்தி மாஸ்க்கின் மேல் ஒரு சொடுக்கு.
கட்டத்தின் குறுக்கே சிவப்புப் பெருக்கல் குறி விழ
எல்லாம் திரும்பியது:
சுவர், ஜன்னல், கறுத்த நகம்.

"உள்ளேயேதான் இருந்ததா?"
"மறைத்தேன். அழிக்கவில்லை."

ஹீட்டர் பக்கமாக நாற்காலியை இழுத்து
வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.
"ஹ்ராச். இவர் தம்பி.
கைவிட்டுப் போனவன்."
விட்டுப் போன கை
திரையில் இருந்தது.
"கிராஸ்னோதாரிலிருந்து பணம் அனுப்பினான், அடக்கத்துக்கு.
திருப்பி அனுப்பினேன்.
அது தப்பில்லையே?"

நான் படத் திருத்துகிறவள்.
மவுஸை மேசையில் வெறுமனே நகர்த்தினேன்.

"பாதி தெரியும்படி முடியுமா?"

பக்கத்துப் பட்டறையில் ஜோராவிடம் கேட்டேன்.
"கருங்கல்லில் பாதி என்று ஒன்று கிடையாது,
ஊசி குத்தினால் வெள்ளை, குத்தாவிட்டால் கறுப்பு.
வேண்டுமானால் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்கிறேன்.
சாய்ந்த வெயிலில் தெரியும்.
உச்சி வெயிலில் தெரியாது."

அவள் தலையசைத்தாள்.
அந்த விரல்களின் மேல்
சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு தீற்றல்.
தோள் தன் பாரத்தை வாங்கிக்கொண்டது.

ஜோராவுக்கு அனுப்பும்போது
அடுக்குகளையெல்லாம் ஒன்றாக்கித்தான் ஆகவேண்டும்,
கல்லில் லேயர் ஏது.
அடுக்கோடு ஒரு பிரதி என்னிடம் கிடக்கிறது:
செய்ரான்_இறுதி_கை_பாதி_2.
மார்ச் முடியப்போகிறது.
கூட்டச் சொல்லியோ குறைக்கச் சொல்லியோ
யாரும் இதுவரை வரவில்லை.