ஆப்பு

ஹாமில்டனில் ஏப்ரல். பார்ட்டன் தெருவில்
பனி போய் உப்பு மட்டும் மிச்சம்.
ஒவ்வொரு குழிக்கும் ஒரு விரற்கடை
என் சைக்கிள் சீட் இறங்கிக்கொண்டே வந்தது.
கடை வாசலில்
முழங்கால் கிட்டத்தட்ட தாடையில்.

மார்சின் அதைத் தூக்கி மாட்டி
டார்ச் அடித்தான். போல்ட் எங்கே?
இருக்கிறது. கண்ணில் படாமல்,
சட்டத்தின் வயிற்றுக்குள், ரப்பர் மூடிக்குக் கீழே,
ஒரு ஆப்பைப் பிடித்துக்கொண்டு.
ஆப்பு உப்பில் அரித்துப் பிளந்திருந்தது.
பெருவிரல் நகம் அளவு.

போன் போட்டான். ஸ்பீக்கரில் ஒரு பெண்
மிகவும் அன்பாகச் சொன்னாள்:
அந்த மாடல் நின்று மூன்று வருடம்,
இப்போதைய ஆப்பு அதில் சேராது,
புது சைக்கிளுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு.

எந்தக் கழுதை வரைந்தது இதை, என்றான் மார்சின்,
என்னிடம் அல்ல, சுவரிடம்.
நான் சுவரில் தொங்கிய செயின்களை எண்ணினேன்.

பர்லிங்டனில் ஒரு கண்ணாடி அறை.
உருண்டைக் குழாயும்
எந்தக் கடையிலும் கிடைக்கும் கவ்வியும் வேண்டாம் என்றார்கள்.
காற்றுக்கு வழி விடு,
கண்ணுக்கு ஒன்றும் தெரியக் கூடாது.
தெரியாமல்தான் செய்தேன்.
கேக் வெட்டினோம்.
உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்று
ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பிரிவையே மூடினார்கள்.
வரைபடம் அவர்களுக்கு.
சைக்கிள், பாதி விலையில், எனக்கு.

ஆப்பசைத்த குரங்கை எல்லோருக்கும் தெரியும்.
ஆப்பைச் சீவிய குரங்கு
அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

உடைந்த துண்டில் அளவு பிடிபடவில்லை.
காலிப்பரைத் திருப்பித் திருப்பி வைத்தான்.
பதினெட்டு புள்ளி நாலு, என்றேன்.
சரிவு ஏழரை டிகிரி.
ஏழரையேதான்.

காலிப்பர் நின்றது.
என்னைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் பென்சிலை நீட்டினான்.
நான் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஞாபகம் வந்தபோது
பில்லின் பின்பக்கத்தில்
கை பாதி வரைந்து முடித்திருந்தது.

பிறகு ஒரு அலுமினியத் துண்டு, அரம்,
ஐந்தரை மணி வரை அரம்.
பழைய குட்டி போல்ட்டும் தேய்ந்துபோயிருந்ததால்
டப்பாவில் துழாவி நீளமான ஒன்றைப் போட்டான்,
அறுபது காசு, எந்த இரும்புக்கடையிலும் இருப்பது.
ரப்பர் மூடி இனி மூடாது.
போல்ட்டின் தலை வெளியே நீட்டி நின்றது,
போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் தெரியும்படி.

நாற்பது டாலர், என்றான். கழுதைக்குத் தள்ளுபடி இல்லை.

மேட்டில் மிதிக்கிறேன். சீட் அசையவில்லை.
அந்தத் தலை தொடையில் உரசி
பேன்ட்டைக் கிழிக்கிறது.
கிழிக்கட்டும்.